அடுப்போர மேஜை, ஜன்னலோர மேஜை

லூகோ, இத்தாலி, 5 ஏப்ரல் 1951, வியாழன்

இந்த வாரம் பதறாமல் யோசிக்க வேண்டியவை:

1. பதினாறு மாதமே ஆன நம் கட்சி, பிரிந்து வந்த தாய்க்கட்சியோடு மறுபடி சேருவதா? ஞாயிறன்று எங்கள் கிளையில் வாக்கெடுப்பு.

2. கொள்கைப்படி சேரக் கூடாது. அவர்களுக்கு மந்திரி நாற்காலி மீது கண்.

3. ஆனால் சேர்ந்தால்தான் குவின்டோ என்னோடு சீட்டாடுவான்.

குவின்டோ என் பள்ளித் தோழன். காலமான என் மனைவியின் அண்ணன். ஆர்மிதாவின் மதுக்கடையில் அடுப்போர மேஜையில் நாற்பது வருடம் ஜோடி சேர்ந்து ஆடினோம். கட்சி உடைந்த அன்று நாங்கள் ஏழு பேர் ஜன்னலோர மேஜைக்கு மாறினோம். அவன் மாறவில்லை. அன்றிலிருந்து தலையசைப்பு மட்டும். ஜன்னலில் குளிர்காற்று வேறு.

6 ஏப்ரல்

சீட்டாட்டத்துக்காகக் கட்சியைக் கலைப்பவனை என்னவென்று சொல்வது? எழுபத்தொரு வயதில்?

8 ஏப்ரல், ஞாயிறு

ரகசிய வாக்கெடுப்பு. கிளைச் செயலாளர், மருந்துக்கடை ஆர்ஜியா, தாள்களை என் தொப்பியில் சேகரித்தாள். மூன்றுக்கு மூன்று. ஏழாவது தாளைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சேரலாம்னு இருக்கு. இதே கையெழுத்துதான் என் லத்தீன் பரீட்சைக்கு முட்டை போட்டுச்சு. ரகசியம்னா கிறுக்கி எழுதணும், வாத்தியாரய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். ஓடிவிடலாம் என்றால் தொப்பி அவள் கையில்.

9 ஏப்ரல்

அடுப்போர மேஜைக்குப் போய், இனி ஒரே கட்சிதானே, உட்காரலாமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

குவின்டோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "நேத்து எங்க கிளையில நான் வேணாம்னுதான் ஓட்டுப் போட்டேன், மாப்ளே. உங்க ஆளுங்க வந்தா பேசியே கொன்னுடுவாங்க."

திரும்பி நடக்கப் பார்த்தேன்.

"எங்க போறே? உக்காரு. கட்சிக்குத்தான் வேணாம்னேன், சீட்டுக்கா வேணாம்னேன்? எந்திரிச்சுப் போனது நீ. எங்களோட ஆடக் கூடாதுன்னு உங்க கட்சியில தடை போட்டிருக்காங்கன்னு நெனச்சுட்டு இருந்துட்டேன்."

யார் தடை போட்டது? யோசித்துப் பார்த்தேன் — யாருமில்லை. நானேதான். பதினாறு மாசம். சே, என்ன மனுஷன் நான்!

மூன்று ஆட்டமும் தோற்றோம். தப்பெல்லாம் என்னுடையதுதான் என்று திட்டினான். சுகமாக இருந்தது.

1 மே

இரண்டும் இணைந்த புதுக் கட்சியின் முதல் ஊர்வலம். கொடியின் ஒரு முனை எனக்கு, மறுமுனை குவின்டோவுக்கு. வழியெல்லாம் அவனும் ஆர்ஜியாவும் மந்திரி பதவி பற்றிச் சண்டை. ஒரு வருடத்தில் மறுபடி உடையும் என்கிறாள் அவள். உடையட்டும். நாளை நாலு மணிக்கு ஆட்டம்.

ஐந்தாம் தேதி எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு. சேராமலே ஆடியிருப்பான், நான் கேட்டிருக்க வேண்டும்.