எட்டாவது சுற்று

பிப்ரவரி 12, 2019, செவ்வாய்

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவன் அரை மணி நேரம் தாமதம். காரணம் சொன்னான். கேட்டுக்கொண்டேன், தேநீர் தரவில்லை. மேல்ஸ்தாயியில் ஒரு சுரம் மயிரிழை குறைகிறது என்றேன். கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே காட்டுது, மேடம்" என்றான். "அது காட்டறது இருக்கட்டும். உங்க காது என்ன சொல்லுது?" இன்னொரு முறை முறுக்கினான். இப்போது சரி.

சாயங்காலம் என் மகன் டேமியன் வந்தான். ஐம்பது வயதாகிறது, இன்னும் ஷூவைக் கழற்றாமல் கம்பளத்தில் நடக்கிறான். அவனுடைய பழைய பாட்டு 'பின்னறை'யை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். லீட்ஸில் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி. ஒரு பக்கம் பழைய பாட்டு, மறுபக்கம் புதிதாக ஒரு ரீமிக்ஸ்.

"ரீமிக்ஸ் யார் பண்றா?"

தட்டிலிருந்த 'பை' அப்பத்தை வெட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. "கிளென்ராயைக் கேட்டிருக்காங்க."

"நல்லது."

"நான் இன்னும் சரின்னு சொல்லலை."

டேமியன் சரி என்று சொல்லாமல் நடக்காது. அந்தப் பாட்டில் பாதி அவனுடையது, மறுபாதி கிளென்ராயுடையது.

பிப்ரவரி 14

உறக்கம் கலைந்து படுத்திருந்தபோது அந்த வருஷம் முழுவதும் நினைவுக்கு வந்தது. 1990. மாடியில் என் பின்பக்கப் படுக்கையறையில் டேமியன், கிளென்ராய் என்று இரண்டு பையன்கள், ஒரு கீபோர்டு, மூடி உடைந்த ஒரு டிரம் மெஷின். சொல் இல்லை, ராகம் இல்லை. ஓர் அடி, அப்புறம் அதே அடி. கான்வென்ட்டில் எனக்கு இசை சொல்லித்தந்த சகோதரி அர்சுலா கேட்டிருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பார். என் கணவர் சிரில் மட்டும் நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து படியில் உட்கார்ந்து கேட்பார். "எஞ்சின் நல்லா ஓடுது, பெர்னடெட்" என்பார். அவருக்கு அதுதான் உயர்ந்த பாராட்டு.

சத்தம் தாங்காமல் நான் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவேன். மேலிருந்து கிளென்ராய் கத்துவான்: "மிஸஸ் எஸ், தாளத்துலயே தட்டறீங்க. இன்னும் நாலு அடி தட்டுங்க, ரெக்கார்டு பண்ணிக்கறோம்."

உண்மைதான். என்ன கோபம் வந்தாலும் எனக்குத் தாளம் தப்பாது. நாற்பது வருஷம் கோயிலில் ஆர்கன் வாசித்த கை.

அவர்கள் கணக்கு எளிது. நாலு அடி ஒரு சுற்று. எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை ஏதாவது மாற வேண்டும். டிஜேக்கள் எட்டு எண்ணித்தான் ஒரு ரெக்கார்டிலிருந்து அடுத்ததற்குப் போவார்கள். 'பின்னறை'யின் நடுவில் கீபோர்டு தவிர எல்லாம் நின்று போகும் ஓர் இடம் உண்டு. எட்டுச் சுற்று கழித்து டிரம் திரும்பி வர வேண்டும். ஏழிலேயே வந்துவிடும்.

டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டியவன் கிளென்ராய். ஒரு சுற்று நீளத் துண்டு கம்பளத்தில் விழுந்து அவன் சாக்ஸில் ஒட்டிக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் கால் அரித்தபோதுதான் பார்த்தான். அதற்குள் டேப் லண்டனுக்குத் தபாலில் போய்விட்டது. இரண்டு பேரும் என் சமையலறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அந்த இடத்துக்காகத்தான் ஊரே அந்தப் பாட்டை விரும்பியது. ஆடுகிறவர்கள் தூக்கிய கால் கீழே இறங்கும் முன்பே டிரம் வந்து விழும். தடுமாறுவார்களாம், பிறகு ஆரவாரம் செய்வார்களாம். டிஜேக்கள் மட்டும் திட்டினார்கள்.

பிப்ரவரி 20

டேமியன் இன்னும் பதில் சொல்லவில்லை.

தப்பு அவனுடையது, என் பிள்ளை என்பதற்காக நான் அதை மாற்றி எழுதப்போவதில்லை. லண்டனிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று அவர்கள் இருவரையும் யாரோ ஒரு பாடகியின் பாட்டுக்கு ரீமிக்ஸ் கேட்டது. கிளென்ராய் மாட்டேன் என்றான். டேமியன் அவனுக்குச் சொல்லாமல் தனியாகச் செய்து, இருவர் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டான். ரீமிக்ஸும் மோசம் — நானே கேட்டேன், கழுவாத தட்டு மாதிரி இருந்தது. கிளென்ராய் அதைக் கடையில் பார்த்தான். ரெக்கார்டைத் திருப்பினால் தன் பெயர்.

அன்று இந்த வாசலில் நின்று சொன்னான்: "மிஸஸ் எஸ், என்கிட்ட இருக்கறது என் பேர் ஒண்ணுதான். நான் தொடாத பாட்டுல அதை எப்படிப் போடுவான்?"

அதற்குப் பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல். ஒரே இசை, ஒரே ஊர்கள், ஒரே மேடைக்குப் பின்னால் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்பார்களாம். என்ன பிழைப்பு இது?

மார்ச் 6, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு திரும்பினேன். தவக்காலம் முடியும்வரை டோஸ்ட்டுக்கு ஆரஞ்சு மார்மலேட் கிடையாது.

டேமியன் வந்திருந்தான். இன்று கேட்டுவிட்டேன். "வேண்டாம்னு சொல்லப்போறியா?"

"சொல்லலாம்னுதான் இருக்கேன்."

"கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னா அது ரசனை. கேக்காமலே சொன்னா அது பயம்."

"பயமெல்லாம் இல்லைம்மா."

"அப்படின்னா அனுப்பு."

என் சாப்பாட்டு மேசையிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து, தன்னிடம் இருந்த பழைய பாட்டை அனுப்பினான். ரீமிக்ஸ் செய்பவருக்குப் பாட்டை முழுதாகத் தரமாட்டார்கள். டிரம் தனி, அடிக்குரலில் போகும் பேஸ் தனி, கீபோர்டு தனி என்று பிரித்துத் தருவார்கள், கசாப்புக் கடையில் தருவது போல. அவர் அதில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எதை வேண்டுமானாலும் எறியலாம்.

"ஒரு வரி எழுதலையா அவனுக்கு?"

"ஃபைல்ல பேர் போட்டிருக்கேன், போதும்."

போதுமாம்.

மார்ச் 10

மார்மலேட் இல்லாத டோஸ்ட் வெறும் அட்டை.

மார்ச் 31, அன்னையர் ஞாயிறு

டேமியன் டாஃபடில் பூ கொண்டு வந்தான். பெட்ரோல் பங்கில் வாங்கியது, விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. இருந்தாலும் மொட்டுகள் நல்ல மொட்டுகள்.

கிளென்ராயின் வாழ்த்து அட்டை வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. அவன் அம்மா இறந்த வருஷத்திலிருந்து எனக்கு அனுப்புகிறான், ஒரு வருஷமும் தவறியதில்லை. கையெழுத்து மட்டும் இன்னும் கோழி கிளறியது போல. இந்த முறை கீழே ஒரு வரி கூடுதல்: 'வெட்டிக்கிட்டிருக்கேன், மிஸஸ் எஸ். இந்தத் தடவை செருப்பு போட்டுக்கிட்டு.'

அட்டையைக் கணப்புக்கு மேல் நடுவில் வைத்தேன். டேமியன் அதை நின்று படித்தான். வாயோரம் லேசாகத் துடித்தது. பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

ஏப்ரல் 9

வந்துவிட்டது.

டேமியன் ரீமிக்ஸைத் தன் வீட்டில் கேட்கவில்லை. மத்தியானம் இங்கே எடுத்துக்கொண்டு வந்து சிரிலின் ஸ்டீரியோவில் இணைத்தான். "இந்த ஸ்பீக்கர் பொய் சொல்லாது" என்றான். உண்மையில் அவனுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. நான் பின்னல் ஊசியைக் கீழே வைத்தேன்.

முதல் இரண்டு நிமிஷம் அவர்கள் பாட்டே இல்லை. மெல்லிய தட்டல், ஈரமான எதிரொலி, பேஸ் எங்கோ தரைக்கடியில். டேமியனின் தாடை இறுகியது. பிறகு கீபோர்டு வந்தது, அவனுடைய அதே நாலு சுரம், ஆனால் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தது போல. எனக்கு அழகாக இருந்தது. இதை வெளியில் யாரிடமும் சொல்லமாட்டேன்.

நடுவில் கீபோர்டு தவிர எல்லாம் நின்றது. நான் விரல் விட்டு எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு — டிரம் வரவில்லை. எட்டாவது சுற்று வந்தது. அது மட்டும் வேறு மாதிரி. பின்னால் சர்ரென்று ஓர் இரைச்சல், மழைக்கு முன் காற்று அடிப்பது போல. சுரமும் மற்ற இடங்களை விட மயிரிழை இறங்கியிருந்தது.

"சுருதி குறையுதே" என்றேன்.

டேமியன் பாட்டை நிறுத்தினான். அந்த இடத்தை மறுபடி போட்டான். மறுபடியும் போட்டான்.

"நம்ம பழைய டேப் மெஷின் வேகம் கொஞ்சம் தப்பும், சுருதி இறங்கிடும்" என்றான். "அம்மா, இது அந்தத் துண்டு. சாக்ஸ்ல ஒட்டின துண்டு. இவ்வளவு வருஷமா வச்சிருந்திருக்கான்."

எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டேன்.

திரும்பி வந்தபோது அவன் கம்பெனி அனுப்பிய மெயிலைப் படித்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது. ரீமிக்ஸ் செய்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்: கிளென்ராய், டேமியன். அதன் கீழே கிளென்ராய் இவனுக்கென்று எழுதிய ஒரு வரி: 'நீ தொடாத பாட்டுல உன் பேரைப் போட்டிருக்கேன். எப்படி இருக்கு?'

டேமியன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தேநீரைத் தொடவில்லை.

கதவு சாத்திய பிறகு சிரித்தேன். அதற்கு முன் இல்லை. நான் வளர்ந்த விதம் அப்படி.

ஏப்ரல் 11

டேமியனிடமிருந்து தகவல் இல்லை. ஈஸ்டருக்குள் அவன் சரி என்று சொல்லாவிட்டால் ரெக்கார்டின் மறுபக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம்.

ஏப்ரல் 13

போன் செய்தான்.

"அது அவமானம்மா."

"ஆமா. அளவெடுத்துத் தைச்ச அவமானம்."

"நீங்க அவன் பக்கமா?"

"நான் நடுவுல உக்காந்திருக்கேன். இங்கேர்ந்து ரெண்டு கழுதையும் நல்லாத் தெரியுது."

"அந்த எட்டாவது சுற்றே தப்பு. ஏழுல வந்தாத்தான் அது நம்ம பாட்டு. அவனுக்கே தெரியும். வேணும்னே வச்சிருக்கான்."

"என்கிட்ட ஏன் சொல்ற? டிரம் அடிக்கறது நானா?"

வைத்துவிட்டான். நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ. இல்லை. சரியான அளவுதான்.

ஏப்ரல் 19, புனித வெள்ளி

மீன். மூன்று மணிக்குக் கோயில். இந்த வீட்டில் இன்று இசை கிடையாது, சிரில் இருந்தபோதும் கிடையாது.

கிளென்ராயின் எண் என்னிடம் இருக்கிறது. போன் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவன் இறங்கி வருவான், என் பேச்சைத் தட்டமாட்டான். ஆனா என் பேச்சுக்காக வந்தா, அப்புறம் அது எங்க நிக்கும்? நான் போன பிறகு யார் அதைத் தாங்குவா? அவனுங்களே பேசட்டும். ஒரு மேசையில் அவர்கள் இருவரையும் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

போனைத் துடைத்து வைத்தேன். தூசி.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

டோஸ்ட்டில் மார்மலேட் கனமாகத் தடவியிருந்தேன், அப்போது போன் அடித்தது.

"அம்மா, நேத்து ராத்திரி அவனைக் கூப்பிட்டேன்."

உட்கார்ந்தேன். "என்ன சொன்ன?"

"உன் எட்டாவது சுற்று தப்புடான்னு சொன்னேன்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது. என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

"அவன்?"

"பேர் உன்னுதுதானே, வந்து சரி பண்ணுன்னான்." இருமினான். "ஆனா எங்க உக்காந்து பண்றது? என் ஃப்ளாட்டுல பக்கத்து வீட்டுக்காரன் சுவத்தைத் தட்டுவான். கிளென்ராய் வீட்டுல தோட்டத்து ஷெட்டுதான், ரெண்டு பேர் நிக்க முடியாது. அதனால... பின்னறை காலியாத்தானே இருக்கு?"

"இஸ்திரிப் பலகை இருக்கு."

"அதை நகர்த்தலாமா?"

"நகர்த்தத் தெரியாமலா இவ்வளவு நாள் குடும்பம் நடத்தினேன்?"

கம்பெனி ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டதாம்.

மே 1

பின்னறை ஜன்னலைக் கழுவினேன். திரையை மாற்றினேன். சும்மா, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

மே 4, சனி

பத்தரைக்கு என்றான் கிளென்ராய். பத்தரைக்கு மணி அடித்தான். தாடி நரைத்துவிட்டது. தோள் மட்டும் அதே தோள், கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

"மிஸஸ் எஸ், குட்டையாயிட்டீங்க."

"நீ குண்டாயிட்ட. உள்ள வா, சூடு வெளிய போகுது."

யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றினான். கூடத்தில் நின்றிருந்த டேமியன் அதைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். அவனும் கழற்றினான். இரண்டு பேரும் சாக்ஸோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஐம்பது வயது ஆண்கள்.

கிளென்ராய் சட்டைப்பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாய் டப்பாவை எடுத்து டேமியனிடம் நீட்டினான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன டேப் சுருள். டேமியன் அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மேல போங்க" என்றேன். "வழி மறந்துட்டா சொல்லுங்க, வரைபடம் தரேன்."

படியில் பாதியில் அவர்கள் நின்றது கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, என் வீட்டுப் படி, சத்தம் தானாக இறங்கி வரும்.

"அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

ஒரு படி கிரீச்சிட்டது. மறுபடி கிளென்ராய்.

"அது கேவலமான ரீமிக்ஸ் வேற, டேமியன்."

"தெரியும்டா."

"சரி, அந்த வயரைப் பிடி."

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டேன். இருவரும் இறைச்சி அப்பமும் வினிகரில் ஊறவைத்த பீட்ரூட்டும் சாப்பிட்டார்கள், கிளென்ராய் இரண்டு தடவை. எட்டு வேண்டும், ஏழு போதும் என்று என் மேசையில் முள்கரண்டியால் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். மேசைவிரிப்பில் பீட்ரூட் கறை விழுந்தது. போகாது. இன்னும் பீட்ரூட் வேண்டுமா என்று கேட்டேன்.

மூன்று மணிவாக்கில் மேலே ஆரம்பித்தது. விளக்கின் கண்ணாடி அதிர்ந்தது, அலமாரியில் சிரிலின் புகைப்படம் நகர்ந்தது. ஜெபமாலை சொல்ல முடியவில்லை, மனம் அவர்களோடு எண்ணிக்கொண்டு போயிற்று. துடைப்பத்தை எடுத்துக் கட்டையால் கூரையைத் தட்டினேன், நாலு முறை. தாளம் தப்பித் தட்டத்தான் பார்த்தேன். கை கேட்கவில்லை.

சத்தம் நின்றது. சட்டென்று, முழுதாக. இந்த வயதிலாவது மரியாதை வந்திருக்கிறதே என்று துடைப்பத்தைச் சாய்த்து வைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏழு முடிந்தது. எட்டுக்காகக் காத்திருந்தேன். அது வரும் முன்பே டிரம் வந்து விழுந்தது. மேலே இரண்டு பேரும் சிரித்தார்கள்.