மறுபடியும் பல்ப் போய்விட்டது

நவம்பர் 6, 1978. திங்கள்

விடாத தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. ஈரப் புடவையோடுதான் பள்ளிக்கு.

முள்ளிப்பட்டிலிருந்து இவர் இன்றும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஹெட்லைட் பல்ப் போய்விட்டதாம். மறுபடியும்! முதலாளி கொடுக்கும் பட்டு நூலைத் தறிக்காரர் வீடுகளில் சேர்த்து, நெய்த புடவையை வாங்கி வருகிற வேலை. கார்த்திகை முகூர்த்த அவசரம். இருட்டுமுன் திரும்ப முடிகிறதா?

"பேட்டரி சரியில்ல. ஆக்சிலேட்டர முறுக்கினா பட்டுனு பூடுது," என்கிறார்.

அந்தச் சாலையில் மாட்டு வண்டிகள் லாந்தர் இல்லாமல்தான் போகும். இவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. இப்போது அந்தச் சத்தமும் இல்லை.

நவ. 8, புதன்

வாங்க: ரசப்பொடி, சீயக்காய், பல்ப்.

பல்ப் என்று எழுதியதும் கோபம் வந்தது. இவர் கழற்றி அலமாரியில் போட்ட பழசையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக் பாயிடம் போனேன். சண்டை போடத்தான்.

"இன்னா பல்ப் போடறீங்க பாய்? வாரத்துக்கு ஒண்ணு பூடுது!"

பாய் ஒவ்வொன்றாக பேட்டரி ஒயரில் வைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் கறுத்துப் போயிருந்தது. மற்றவையெல்லாம் பளிச்சென்று எரிந்தன.

"பேட்டரி ஆடி மாசமே மாத்திட்டேன் டீச்சரம்மா. இதெல்லாம் நல்ல பல்பு. ஏன் கழட்டினாரு?"

பல்புகளைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியானால் முள்ளிப்பட்டில் இவ்வளவு நேரம் என்ன செய்கிறார்? யார் வீட்டில்?

நவ. 9, வியாழன்

கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

சாயங்காலம் கரண்ட் போனது. காபி நீட்டினேன். வாங்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல. காபியை நானே குடித்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.

பிள்ளைகளின் பரீட்சைத் தாள் அப்படியே கிடக்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோ வேறு உயிரை வாங்குகிறது.

நவ. 11, சனி

பள்ளி இல்லை. "நானும் வரேன்," என்று பின்னால் ஏறிக்கொண்டேன். "மழ வரும், வாணாம்," என்றார். நான் இறங்கவில்லை.

முள்ளிப்பட்டில் தறிக்காரர் மனைவியை மேலும் கீழும் பார்த்தேன். பாவம், அவள் மோர் கொடுத்தாள். "அண்ணன் பொழுது சாயறதுக்குள்ள ஓடிடுவாரு டீச்சர். லேட்டாயிட்டா ஸ்டார்ட் பண்ணாமயே வண்டிய தள்ளிக்கினு போவாரு. இன்னா கஷ்டமோ."

திரும்பும்போது இருட்டிவிட்டது. நான் இருந்ததால் தள்ளாமல் ஓட்டினார். லைட் நன்றாகவே எரிந்தது. புளியமரம் தெரிந்தது. முன்னால் போன மாட்டு வண்டி தெரிந்தது, அதில் நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலும் தெரிந்தது. இவர் திருப்பவில்லை.

"வண்டிங்க! வண்டி!" கத்தினேன். பிரேக். மூங்கில் இவர் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி.

"பல்ப் பூட்ச்சி, பாத்தியா," என்றார் மூச்சு வாங்க.

வெளிச்சம் மாட்டு வண்டிச் சக்கரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"எரியுதுங்க," என்றேன்.

இவர் கைப்பிடியைப் பிடித்தபடியே இறங்கினார். பிறகு: "ஆறு மாசமா இருட்டினா ஒண்ணும் தெரியமாட்டேங்குது. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேற ஆள வெச்சிடுவாரு. உன்னாண்ட எப்டி சொல்றது?"

மாலைக்கண். மூன்றாம் வகுப்புக்கு நானே நடத்துகிற பாடம். வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவளிடம் போய் மண்டையை உடைத்திருப்பேன். இதை எங்கே போய் உடைப்பது?

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒரு பக்கம் இவர், மறுபக்கம் நான். பின்னால் ஸ்கூட்டர் சத்தம். முதலாளி! அவசரமாகக் கைநீட்டி லைட்டை அணைத்தேன்.

"இன்னாப்பா, நடந்துகினு வரீங்க?"

"பல்ப் பூட்ச்சிங்க." நான்தான் சொன்னேன்.

"உன் வண்டியோட பெரிய பேஜாரு. நாளைக்கு சாயங்காலம் பெரணமல்லூர்ல பொடவ வாங்கிகினு வரணும். என் ஸ்கூட்டர எடுத்துகினு போ. லைட்டு சும்மா பகல் மாரி அடிக்கும்."

இவர் "சரிங்க" என்றார்.