துட்டி வீட்டுப் பாட்டு, காலை 6.40

ஜூன் 9, திங்கள்

மேற்கே மலையை மேகம் மூடியிருக்கிறது. இங்கே பாளையங்கோட்டையில் காற்று மட்டும். கிளிப் மாட்ட மறந்தேன். என் வீட்டுக்காரருடைய வேட்டி பக்கத்து வீட்டு மாமரத்தில்.

இந்த வாரம் பார்க்க வேண்டியவை: ஸ்கூட்டர் பின் சக்கரம். மூக்குக் கண்ணாடி. மிளகாய் வற்றல்.

எஃப்.எம். நிலையத்தில் பெயர்ப்பலகை மாற்றினார்கள். நான் சேர்ந்த பிறகு இது மூன்றாவது முதலாளி. ஒவ்வொரு முறையும் வரிசை ஒன்றுதான். முதலில் பலகையின் நிறம், அப்புறம் வணக்கம் சொல்லும் விதம், கடைசியில் பாட்டு. முதல் முதலாளி உள்ளூர்க்காரர், அலமாரியில் உள்ள எதையும் போடலாம். இரண்டாவது மும்பைக் கம்பெனி. பழைய பாட்டே கூடாது என்றார்கள், ஒரு வருடம் கழித்து ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வழியாக அவர்களே அதை உள்ளே விட்டார்கள். இப்போது வந்திருப்பவர்களுக்குப் பல ஊர்களில் நிலையம். எல்லாவற்றுக்கும் சென்னையிலிருந்து ஒரே பட்டியல், முந்நூறு பாட்டு. கோயம்புத்தூரில் எது ஓடுகிறதோ அதுவே அதே நிமிடம் இங்கேயும்.

காலை ஆறு முதல் ஒன்பது மட்டும் இன்னும் இங்கிருந்து. அதற்கும் இந்த வாரம் பட்டியல் அவர்கள் போட்டது, சோதனையாம். அந்த மூன்று மணி நேரத்தையும் எடுத்துக்கொள்வதா என்று சனிக்கிழமை முடிவு. எடுத்தால் காலையில் பேசும் ஜெகனுக்கும் பாட்டு அடுக்கும் எனக்கும் வேலை இல்லை.

ஜெகன் பலகையை அண்ணாந்து பார்த்து: “பழைய எழுத்தச் சொரண்டிட்டுல்லாக்கா புதுசு எழுதுதாவ. அடுத்து நம்மளத்தான்.”

சிரித்தேன். பயம் இல்லை. உண்மையாகவே இல்லை. எரிச்சல் உண்டு.

ஜூன் 10, செவ்வாய்

சென்னையிலிருந்து வினோத் பேசினார். இனி பாட்டு விஷயம் எல்லாம் அவர். முப்பது முப்பத்திரண்டு வயதுக் குரல், நல்ல மரியாதை.

“மேடம், உங்க ஃபைல்ல ஒவ்வொரு பாட்டுக்கும் கடைசியா ஒரு கட்டம் இருந்துச்சு. து, ச, கொ அப்படின்னு. நம்ம சாஃப்ட்வேர்ல அதுக்கு இடமில்ல. எடுத்துட்டோம்.”

“எதுக்குன்னு கேட்டிருக்கலாமே.”

“சொல்லுங்க மேடம்.”

சொன்னேன். து என்றால் துட்டி வீடு, சாவு விழுந்த வீடு. ச சடங்கு வீடு, பெண் பெரியவளான வீடு. கொ கோயில் கொடை, ஊர்க் கோயில் திருவிழா. இந்தப் பக்கம் சாவு வீட்டில் விடிந்ததும் ரேடியோ செட் கட்டி விடுவார்கள். குழாய் ஸ்பீக்கரில் வரும் முதல் பாட்டைக் கேட்டே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும். யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள், எந்த வீடு என்றுதான் கேட்பார்கள். அதற்கென்று சில பாட்டுகள். அவற்றை நாங்கள் காலையில் தொடுவதில்லை.

“அந்தப் பாட்டெல்லாம் ரிசர்ச்ல சூப்பரா வந்திருக்கு மேடம். சாஃப்ட் மெலடி.”

“எந்தப் பாட்டு பிடிக்கும்னு கேட்டீங்க. எப்போ கேக்கப் பிடிக்கும்னு கேட்டீங்களா?”

“நோட் பண்ணிக்கிறேன் மேடம்.”

எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்ததில் மிஞ்சிய லாபம் இது: கேள்வித்தாளில் இல்லாத கேள்வி முதலில் கண்ணில் படும்.

ஆனால் வினோத்தைக் குறை சொல்ல முடியாது. சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். முக்கூடலில் ரேடியோ செட் கடை வைத்திருக்கும் முருகையா அண்ணாச்சி பஸ் ஏறி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “தங்கச்சி, பாட்டு நல்ல பாட்டுதான். நேரந்தான் நல்லா இல்ல” என்றார். அன்று அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான் நான் வைத்திருக்கும் பாட்டு நோட்டின் முதல் பக்கம்.

அண்ணாச்சிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

வெள்ளிக்கிழமைப் பட்டியல் வந்தது. 6.40: புல்லாங்குழலில் ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு. நோட்டில் து வரிசையில் முதல் பாட்டு. அன்று முகூர்த்த நாள் வேறு. 6.52க்கு இன்னொன்று, அதுவும் து.

இரண்டும் வேண்டாம் என்று வினோத்துக்கு ஒரு வரி மடல். பதில் பத்து நிமிடத்தில்: சனிக்கிழமை வரை எதையும் மாற்ற வேண்டாம், கலப்பில்லாத ரிசல்ட் வேண்டும்.

ஸ்டுடியோவில் ஒரு பொத்தானைத் தட்டினால் பாட்டு போய்விடும். சென்னைக்குத் தெரியக்கூடத் தெரியாது.

“தூக்கிருவமாக்கா?” ஜெகன்.

“வேண்டாம்.”

“துட்டிப் பாட்டுக்கா.”

“தெரியும். ஓடட்டும்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எத்தனை வருடம் இந்தப் பள்ளங்களைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டே வந்தேன்! பள்ளம் இருந்தது யாருக்குத் தெரியும்? இந்த ஒரு தடவை தெரியட்டும்.

பின் சக்கரம் ஆயிற்று. வேட்டி இன்னும் மரத்தில். அவர் நிதானமாக, “காஞ்சாச்சுல்லா, இருக்கட்டும்” என்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

காலை. ஸ்டுடியோவில் நானும் ஜெகனும். 6.40, புல்லாங்குழல். பாட்டு என்னவோ அழகுதான்.

6.43 முதல் போன். டவுனில் ஒரு டீக்கடை: “எந்தத் தலைவரு போயிட்டாரு? கடைய அடைக்கணுமா, வேண்டாமா? அதச் சொல்லுங்க.”

6.45. அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீடு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்: “பொண்ணு மணவறையில இருக்கு. மண்டபத்துக் கொழாயில ஒங்க ஸ்டேஷந்தான் பாடுது. வெளங்குவியளா நீங்க?”

6.47. ஒரு பெண். பேர் சொல்லவில்லை. வீட்டுக்காரர் போய் ஒரு மாதம்தான் ஆகிறதாம். “ஏம்மா இதப் போட்டிய?” அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

6.52க்கு இருந்ததை நானே எடுத்துவிட்டேன். அந்த ஒரு போனுக்குப் பிறகு முடியவில்லை.

7.10. முக்கூடல்.

“தங்கச்சி, முருகையா பேசுதேன். உசுரோடதான் பேசுதேன்.”

“அண்ணாச்சி?”

அண்ணாச்சி வீட்டின் முன்பக்கம்தான் கடை. தினமும் ஆறு மணிக்கு மகன் கடைக் குழாயில் எங்கள் நிலையத்தை வைத்துவிடுவான். கடைக்கு அதுதான் விளம்பரம். படுக்கையில் கிடக்கும் மனுசர் வீட்டிலிருந்து, அவருடைய குழாயில், விடிகாலையில், அந்தப் பாட்டு.

“வாசல் நெறையச் சனம். ஐஸ் கடைக்காரன் ரோசாப்பூ மாலையோட நிக்கான். சங்கூதுதவனும் வந்துட்டான். நான் கட்டில்ல காப்பி குடிக்கேன், அவன் என்னையப் பாத்து முழிக்கான். ‘ஊதவா வேண்டாமா’ன்னு என்கிட்டயே கேக்கான் தங்கச்சி.”

ஜெகன் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆழ்வார்குறிச்சியில எந்தங்கச்சிக்கு எவனோ போன் போட்டுச் சொல்லிட்டான். பஸ்ல அழுதுகிட்டே வாராளாம். போன எடுக்க மாட்டேங்கா.”

சிரிப்பு நின்றது.

“அது என்ன பாட்டுன்னு ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும் அண்ணாச்சி.”

“பெறவு எப்படி வந்துது?”

“சென்னையில போட்டது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.”

அந்தப் பக்கத்தில் யாரோ “பைய, பைய, சாஞ்சுக்கிடுங்க” என்பது மட்டும் கேட்டது. பிறகு, “அவ வந்து எறங்கட்டும். பெறவு பேசுதேன்.” வைத்துவிட்டார்.

அதே நாள், மதியத்துக்கு மேல்

முக்கூடல் பஸ். ஜன்னல் ஓரம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை.

அண்ணாச்சியின் தங்கை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கி. அந்த ரோஜா மாலையைத் தூக்கி எறிய மனமில்லாமல் சாமி படத்துக்குப் போட்டிருக்கிறார்கள்.

“நீதானா அது?”

“ஆமாக்கா. நாந்தான்.”

“முக்கூடல் ஸ்டாண்டுல எறங்கி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடியாரேன். இவன் கட்டில்ல இருந்துக்கிட்டு ‘ஏட்டி, செருப்ப எங்க விட்ட’ன்னு கேக்கான்.”

“மன்னிச்சிருங்க.”

“மன்னிப்பு இருக்கட்டும். எம் புதுச் செருப்பு பஸ்லயே போயிட்டு.”

காப்பி கொடுத்தார். சீனி அள்ளிப் போட்டிருந்தது. முழுதும் குடித்தேன்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் குழாயைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். கடைசியில்தான் வந்தார். “ஒனக்கு அவனுவளுக்குக் காட்டணும். அதுக்கு எங்க வாசல்தானா கெடச்சுது?” காலி டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

கிளம்பும்போது நோட்டைக் கேட்டார். புரட்டினார். “இதுல பாதி பழசு. பத்தமடைப் பக்கம் போன மாசம் ஒரு பெரிய சாவு. செட்டுக்காரன் புதுக் காதல் பாட்டு ஒண்ணப் போட்டுவிட்டான், சனம் அழுதுட்டு. இப்ப அங்கன கல்யாண வீட்டுல அதப் போட விட மாட்டேங்காவ.”

எந்தப் பாட்டு என்று கேட்டேன். சொன்னார். நிலையம் கைமாறும் வரை ஞாயிறு மதியம் நான் போட்டுவந்த பாட்டு. என் கையால், அந்தச் சாவுக்குப் பிறகும்.

ஜூன் 14, சனி

கூட்டம் பதினொன்றுக்கு, கணினித் திரையில். வினோத், அவருக்கு மேலே உள்ள ஓர் அம்மா. இந்தப் பக்கம் நானும் ஜெகனும். ஜெகன் இஸ்திரி போட்ட சட்டை.

வினோத் முதலில் வருத்தம் தெரிவித்தார். பிறகு, நான் எதிர்பார்த்ததே: “அந்த லிஸ்ட்ட அனுப்பிடுங்க மேடம். சிஸ்டத்துல பிளாக் பண்ணிடறோம். அதுக்கப்புறம் தனியா லோக்கல் டைம் தேவைப்படாதுல்ல?”

ஜெகன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். கொடுக்காதே என்று அர்த்தம்.

“பத்து நிமிஷத்துல அனுப்புறேன்” என்றேன். “முழுசா அனுப்புறேன்.” பிறகு பத்தமடைப் பாட்டைச் சொல்லி, “இது உங்க பட்டியல்ல என்ன மூட்?” என்று கேட்டேன்.

தேடினார். “ரொமான்ஸ்.”

“பத்தமடைப் பக்கம் போன மாசத்துலேருந்து அது துட்டி வீட்டுப் பாட்டு. எனக்கே நேத்துத்தான் தெரியும்.”

“இத யாரு மேடம் டிசைட் பண்றாங்க?”

“யாரும் இல்ல. ஒரு சாவு வீட்டுல ஒருத்தர் போடுவார், ஊர் அழும், ஒட்டிக்கும். அதனாலதான் இங்க ஒருத்தர் இருந்து கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

மேலே உள்ள அம்மா இப்போதுதான் பேசினார். “வெள்ளிக்கிழமை லிஸ்ட் உங்களுக்கு புதன்கிழமையே வந்திருக்கு. ஏன் நிறுத்தலை?”

“நிறுத்தியிருந்தா இன்னைக்கு இதப் பத்தி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. செஞ்சது சரின்னு சொல்லல. இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.”

தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்கு மடல். ஆறிலிருந்து எட்டு வரை இங்கேயே, பாட்டும் பேச்சும் நம்முடையது. எட்டு முதல் ஒன்பது சென்னைக்கு. தீபாவளிக்குப் பிறகு மறுபடி பார்ப்பார்களாம். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு நின்றது. எட்டு மணி போனதில் வருத்தம்தான், பள்ளிக்கூட வேன்காரர்கள் கேட்கும் நேரம். தீபாவளிக்குள் அதையும் திரும்பக் கேட்பேன்.

ஜெகன்: “எட்டு மணிக்கு மேல எவனும் செத்தா சென்னை பொறுப்புக்கா.”

பட்டியல் அனுப்பியாயிற்று. ஒரு பாட்டைக்கூட மறைக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மிளகாய் வற்றல். கண்ணாடிக் கடை மூடியிருந்தது. வேட்டி தானாகவே விழுந்தது, அவர்கள் வீட்டு மாட்டுத் தொட்டியில்.

ஜூன் 16, திங்கள்

விடியும்போது சாரல். 6.40க்கு முக்கூடல் ரேடியோ செட் முருகையா அண்ணாச்சி நலமாக இருப்பதாக ஜெகன் சொல்லி, கொடைப் பாட்டு ஒன்று. சுருக்கமாகச் சொல் என்றிருந்தேன். அவன் சுருக்கவில்லை.

7.20. அண்ணாச்சி போன்.

“நேத்து அடுத்த தெருவுல சடங்கு வீடு. செட்டு நம்மதுதான். கம்ப ஊனிக்கிட்டுப் பைய நடந்து போனேன். நாற்காலியில இருந்ததும் எம் மவன்கிட்ட கேட்டு அந்தப் பாட்டப் போடச் சொல்லிட்டானுவ.”

“சடங்கு வீட்டுலயா!”

“ஆமாங்கேன். புல்லாங்குழல் வந்ததும் எல்லாவனும் என்னையப் பாத்துச் சிரிக்கான். ஐஸ் கடைக்காரன் ‘மாலை வேணுமா அண்ணாச்சி’ங்கான். எந்தங்கச்சியே சிரிக்கா, தங்கச்சி.”

“அக்கா சிரிச்சாங்களா?”

“வயித்தப் புடிச்சுக்கிட்டு.”

ஒரு சுமை இறங்கியது. பிறகுதான் உறைத்தது. “அப்போ அண்ணாச்சி, அந்தப் பாட்டு?”

“இங்கன துட்டிக்கு அது இனி ஆகாது. எந்தச் சாவு வீட்டுல போட்டாலும் என் மூஞ்சிதான் ஞாபகம் வரும். சனம் சிரிச்சிரும்.”

நோட்டை எடுத்தேன். முதல் பக்கம், முதல் வரி. பேனா வேண்டாம், பென்சில். பக்கத்தில்: முக்கூடல் நீங்கலாக.

வினோத்துக்கு மடல், 7.35: ‘சனிக்கிழமை அனுப்பிய பட்டியலுக்கு முதல் திருத்தம் இத்துடன்.’