ஒட்டிய தாள்

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் என் வீட்டுக்கு வந்து ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தாள். "அம்மா இதைய உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்கங்க" என்றாள். உள்ளே என் முதல் நாவல். அந்துருண்டை வாசனை அடித்தது. இருபத்திரண்டு வருடமாகப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாய்.

சங்ககிரியில் நம் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. நான் அந்தக்கால அரசகுமாரிகளை வைத்துக் காதல் கதை எழுதத் துடித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் ஒரு வரி நகராது. மலைக்கோட்டைப் படியெல்லாம் ஏறி இறங்கினேன். மேலே கல்லும் குரங்கும்தான் இருந்தன. காதல் உன்னிடம் இருந்தது.

உன் அண்ணனின் லாரியை ஓட்டியவர் நம் தெருமுனையைத் தாண்டும்போது ஆரன் அடிப்பார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. நீ குடத்தோடு குழாயடிக்கு ஓடுவாய். குடம் நிறைந்திருந்தால் கொட்டிவிட்டு ஓடுவாய். அவர் வேறு சாதி. விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். "ஆருகிட்டயும் சொல்லீராத சாமி" என்றாய். நான் சொல்லவில்லை, எழுதினேன்.

லாரி குதிரையானது. ஓட்டுநர் படைவீரன் ஆனார். நீ அரசகுமாரி ஆனாய். ஆரன், கோட்டை வாசலில் ஊதும் கொம்பானது. ஆனால் அந்தக் குட்டை இரண்டையும் நீளம் ஒன்றையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்குத் திமிர் என்றுதான் பெயர்.

முதல் பிரதியை உனக்குத்தான் கொடுத்தேன். "நல்லாருக்குது" என்றதோடு நிறுத்திக்கொண்டாய். எனக்குக் கோபம். உன் அண்ணியாவது பாராட்டட்டும் என்று, உன்னிடமிருந்த அதே பிரதியை வாங்கிப் படிக்கச் சொல்லி அவரை நச்சரித்தேன். ஒரு வாரம் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இங்க ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டுப் பிரியமாட்டீங்குது. அந்தப் படைவீரன் வந்தது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அச்சகத்துக் கோளாறு என்று நினைத்தேன். ஒரு வாசகி கேட்கிறாள், விடுவேனா? உங்கள் கூடத்து நடுவில் நின்று கையைக் குவித்து ஊதிக் காட்டினேன். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

"அட, நம்ம லாரி ஆரனாட்டவே இருக்குது" என்று அண்ணி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நீ சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாய். என்னை ஒரு முறை பார்த்தாய்.

அந்த வாரமே லாரிக்கு வேறு ஆள் வந்தார். பழையவரின் காலை உடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். செத்தே போனார் என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கும் தைரியமும் வரவில்லை. பத்தாம் நாள் ராசிபுரம் பக்கம் உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

புத்தகம் கடையில் கிடைக்கிறது, நான் ஊதாவிட்டாலும் அண்ணி எப்படியும் படித்திருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரே ஒரு முறை உன்னைப் பார்க்க வந்தேன். மோர் கொடுத்தாய். "இன்னும் எழுதறயா? எழுது" என்றாய். வாசல் வரை வந்து, "என்னையப் பத்தி மட்டும் எழுதாத சாமி" என்றாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்காமலே பஸ் ஏறினேன்.

இன்று புத்தகத்தைப் பிரித்தேன். அந்த இரண்டு தாளும் இன்னும் ஒட்டித்தான் இருக்கின்றன. ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை. எந்த அச்சகத்தில் சோறு வைத்து ஒட்டுகிறார்கள்? முதலில் படித்துப் பயந்துபோய் நீதான் ஒட்டியிருக்கிறாய். புத்தகத்தையே ஒளித்திருந்தால் நான் ஏன் என்று கேட்டுச் சண்டைக்கு வந்திருப்பேன். அதனால் அந்த இரண்டு தாளை மட்டும் ஒட்டினாய், என்னிடமும் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்தது என் எழுத்துகூட இல்லை, என் வாய். அது உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் மோர் கொடுத்தாய்.

அடுத்த வாரம் சேலத்தில் வாசகர் கூட்டம். இந்தக் கதைகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று வழக்கம்போலக் கேட்பார்கள். சங்ககிரிக் கோட்டையைப் பார்த்து வந்தது என்று வழக்கம்போலப் பொய் சொல்வேன்.

ஈரத்துணி வைத்தால் தாள் பிரிந்துவிடும். வைக்கமாட்டேன். நீ மூடியதை நான் ஒரு முறை திறந்தது போதும்.