லெஃப்டி பேசிய திங்கட்கிழமை

நவம்பர் 23, திங்கள்

இதை யார் எடுத்திருந்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படித்துத் தொலையுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். என் விஷயம் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. இதில் அப்பாவின் ரகசியம் இருக்கிறது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை ஆறு மணிக்கு எர்ல் நடத்தும் கால்பந்து வானொலி நிகழ்ச்சியில் 'மில்லர்ஸ் கிரீக்கிலிருந்து லெஃப்டி' என்று ஒருவர் பேசுவாரே, அவர் என் அப்பா. பகலெல்லாம் வீடு வீடாகப் போய் சமையல் கேஸ் நிரப்பும் ஹார்லன் டிட்மோர். பதினேழு வருடமாகப் பேசுகிறார். வண்டியை எங்காவது ஒதுக்கி நிறுத்திவிட்டுப் போனில் பேசிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல சாப்பாட்டுக்கு வருவார். எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்போம்.

இன்று எர்லிடம், "நம்ம பச்சை அணியில அந்த உதைக்குற பையன் இருக்கான் பாரு, அவன் கால் இரும்பு" என்றார். எர்ல் விடவில்லை. "என்ன லெஃப்டி அண்ணே, வாராவாரம் அவன் புராணமே பாடுறீங்க? சொந்தக்காரனா?" அப்பா, "நான் வெறும் ரசிகன்யா" என்றார். நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தப் பையன் எங்கள் வெஸ்லி அண்ணன்தானே! காலேஜ் அணியில் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவதுதான் அவன் வேலை.

சனிக்கிழமை ஆரஞ்சுக்காரர்களோடு ஆட்டம். இந்த ஊரில் கல்யாணத்தைக்கூட அன்றைக்கு வைக்க மாட்டார்கள்.

நவம்பர் 26, வியாழன்

நன்றி சொல்லும் நாள். வான்கோழி கொஞ்சம் காய்ந்துவிட்டது. அண்ணன் அணியின் பயிற்சி முகாமிலிருந்து போனில் கூப்பிட்டான். "பெத், என் பங்கு பெக்கான் இனிப்பையும் நீயே தின்னுடு, எனக்கு இறங்கல" என்றான். அவனுக்கு இறங்காத இனிப்பு உலகத்திலேயே கிடையாது.

நவம்பர் 28, சனி

தோற்றுவிட்டோம். அண்ணன் உதைத்த பந்து.

நவம்பர் 29, ஞாயிறு

நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்க முடியாது.

கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் அப்பாவின் கூட்டாளிகள் ஆறு பேர், எல்லோரும் பச்சைச் சட்டை. இருபத்துமூன்றுக்கு இருபத்தொன்று, ஆரஞ்சு முன்னால். நான்கு விநாடிதான் பாக்கி. இருபத்தொன்பது கெஜத்திலிருந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே பந்தை அனுப்பினால் மூன்று புள்ளி, ஜெயித்துவிடுவோம். அண்ணன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வான், எங்கள் கொல்லையில் ஆயிரம் தடவை செய்திருக்கிறான். அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் உதைக்கும்போது அவளால் பார்க்க முடியாது.

பந்து இடது பக்கமாகவே போனது. போய்க்கொண்டே இருந்தது.

"கட்டையில போறவனே!" என்று அப்பா கத்தினார்.

எந்தப் பையன் தவறவிட்டாலும் அப்பா கத்துவதுதான் அது. இருபது வருடத்து வாய்ப்பழக்கம். கத்திய பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டாளிகள் கொண்டுவந்த பாத்திரங்களைக்கூட எடுக்காமல் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அம்மா உள்ளே வந்து தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

இன்று தேவாலயத்தில் போதகர் 'இலக்கைத் தவறவிட்ட எல்லோருக்காகவும்' ஜெபித்தார். வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா அவருக்கு? ஜெபம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் நேரே கார்களுக்குப் போனார்கள். ஆரஞ்சுக்காரர்கள்தான் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அன்பு காட்ட வசதி இருந்தது. அது இன்னும் மோசம்.

மதியம் அண்ணன் வந்தான். பயிற்சியாளர் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னாராம். அப்பா, "சாப்டியா?" என்றார். "சாப்டேன்" என்றான். அவ்வளவுதான். அவன் போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். யார் யாரோ. செத்துப் போ என்று ஒருவர். எப்படிச் செத்துப் போவது என்று விவரமாக இன்னொருவர். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தும் அதிர்ந்தது.

நவம்பர் 30, திங்கள்

நான் ஏன் அதைத் திருப்பினேன்?

பழக்கம். ஆறு மணி, சமையலறை, நான் தட்டு துடைக்கிறேன், கை தானாக வானொலிக்குப் போய்விட்டது. இன்றைக்கு அப்பா பேசமாட்டார் என்று நினைத்தேன்.

"லெஃப்டி அண்ணே! அலபாமாவே உங்களத்தான் தேடுது. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன், எர்ல்." குரல் கரகரத்திருந்தது.

"கொட்டித் தீத்துடுங்க அண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

"நாப்பது வருஷமா பாக்குறேன். இந்த மாதிரி பாத்ததில்ல. இருபத்தொம்பது கெஜம்யா! எங்க கோயில்ல பியானோ வாசிக்குற அம்மா உதைச்சிருந்தாக்கூட உள்ள போயிருக்கும்."

எர்ல் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு அப்படியே நின்றேன்.

"அப்போ போன வாரம் இரும்புக் கால்னு சொன்னீங்களே?"

"துருப்பிடிச்சிருந்தது தெரியல."

மறுபடி சிரிப்பு. எர்ல் கேட்டார், "அவன் அப்பா இதக் கேட்டுட்டிருந்தா என்ன சொல்வீங்க?"

கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா, "நானா இருந்தா அவன என் பிள்ளைனு வெளிய சொல்லிக்க மாட்டேன்" என்றார்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?" என்று எர்ல் இரண்டு தடவை கேட்டார். நான் அணைத்துவிட்டேன்.

சமையலறைக்கு அடுத்தது அண்ணன் அறை.

டிசம்பர் 1, செவ்வாய்

காலையில் அப்பா என்னை வண்டியில் பள்ளியில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, "நேத்து ரேடியோ ஏதாவது கேட்டியா, குட்டி?" என்றார்.

"இல்லப்பா."

"நல்லது" என்றார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

பள்ளியில் எல்லோர் போனிலும் அதே குரல். பியானோ அம்மா, பியானோ அம்மா. நான் பள்ளித் தாழ்வாரத்தில் போனால் பையன்கள் காற்றில் பியானோ வாசிக்கிறார்கள். காகிதத்தைக் குப்பைத்தொட்டியில் போடப் போனேன். "பாத்து டிட்மோர், இடப்பக்கம் போயிடப் போவுது!" என்றான் பக்கத்துத் தெருப் பையன் ட்ரிப். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கேலி வலிக்கவில்லை. பத்துப் பதினைந்து போனில் என் அப்பா சிரிக்கிறார், அதுதான். அது யார் என்று இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் சார்ஜரை எடுத்து ஒளித்துவைத்தேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதப் பயமாக இருக்கிறது. அண்ணன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இது மான் வேட்டைக் காலம், அப்பாவின் துப்பாக்கிகள் கூடத்து அலமாரியில்தான் இருக்கின்றன. சாவி அதன் மேலேயே இருக்கும். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து நாற்காலி போட்டு ஏறித் தடவினேன். சாவி இல்லை. அம்மாவிடம் ஓடிப்போய் அலமாரிப் பக்கம் கையை நீட்டினேன். அம்மா ஒன்றும் கேட்காமல் சட்டைக் கழுத்தை லேசாக இழுத்துக் காட்டினாள். சாவியைக் கயிற்றில் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து" என்றாள். "போய்ப் படி."

டிசம்பர் 2, புதன்

சாப்பாட்டு மேசையில் அப்பா பேசிய மொத்தப் பேச்சு: "உப்பு."

டிசம்பர் 3, வியாழன்

பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தான். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"சார்ஜரக் குடு பெத்" என்றான். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"லெஃப்டி யாருனு எட்டு வயசுலேர்ந்து எனக்குத் தெரியும்" என்றான். "கேஸ் வண்டி எஞ்சின் பின்னாடி டக்டக்குனு அடிக்கும். திங்கக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தாலும் கேட்டுருவேன். என்னப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்வாரே, அதுக்குத்தான். நேர்ல சொன்னதே இல்லையே."

"இந்தத் திங்கக்கிழமை...?"

"சுவர் வழியா வந்துச்சு."

என் வானொலி. நான் திருப்பியது. நான் சொன்னேன், நான்தான் போட்டேன் அண்ணா, நான்தான். அவன் என் தலையில் கை வைத்தான். "நீ போடலைன்னா ட்ரிப் போட்டிருப்பான். விடு."

"அப்பா மனசார சொல்லல."

"சிரிச்சாரே, பெத்." மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தான். "பந்து உள்ள போயிருந்தா என்னல்லாம் சொல்லியிருப்பார்னு யோசிச்சேன். அதக் கேட்டு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பேன். அதான் தாங்கல."

விடியும் முன் போகிறான். தெற்கே கடற்கரையில் அவன் சிநேகிதன் டக்கரின் மாமா இறால் படகு வைத்திருக்கிறார், ஆள் வேண்டுமாம். காலேஜுக்கு இனிமேல் போகமாட்டானாம். அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிவைப்பான், எங்கே என்று மட்டும் எழுதமாட்டான். நானும் சொல்லக் கூடாது. சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"அப்பா கேட்டா?"

"கேக்க மாட்டார்" என்றான்.

டிசம்பர் 4, வெள்ளி

போய்விட்டான். போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சீட்டில், 'நான் நல்லா இருக்கேன், தேடாதீங்க' என்று இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

டிசம்பர் 6, ஞாயிறு

தேவாலயத்துக்கு நாங்கள் போகவில்லை. இரவு நடையில் அப்பாவின் காலடி என் அறைவரை வந்தது. நின்றது. திரும்பிப் போய்விட்டது. நேற்றும் அப்படித்தான்.

டிசம்பர் 7, திங்கள்

இன்று ஆறு மணிக்கு அப்பா வீட்டில் இருந்தார். அம்மா எழுந்து வானொலியைப் போட்டாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

"லெஃப்டி அண்ணனக் காணோமே!" என்றார் எர்ல். ஆனால் லெஃப்டி இல்லாமலே நடந்தது. பேசிய ஒவ்வொருவரும், லெஃப்டி சொன்ன மாதிரி பியானோக்காரம்மாவ இறக்குங்க, லெஃப்டி சொன்ன மாதிரி துரு. ஒருவர் அப்பாவைப் போலவே குரலை மாற்றி, "என் பிள்ளைனு சொல்லிக்க மாட்டேன்" என்றார். எர்லுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அத நிறுத்து, டோனா."

அம்மா எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினாள்.

"கேளு, ஹார்லன்" என்றாள். "முழுசா கேளு. என் பிள்ளை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டான்."

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை ஒரு மணி நேரம் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். சாப்பாடு அப்படியே இருந்தது. பிறகு அப்பா எழுந்து அண்ணன் அறைக்குள் போனார். கட்டில் கிரீச்சிட்டது.

இப்போது பத்தரை. விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இறால் படகு நாளைக் காலை கிளம்பிவிடும், மூன்று வாரம் கரைக்கு வராது என்று அண்ணன் சொல்லியிருந்தான். இப்போதே வண்டியை எடுத்தால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். அப்பாவிடம் நானாகப் போய்ச் சொல்லிவிடவா? சத்தியம் செய்திருக்கிறேன். சொல்லாவிட்டால்? அண்ணன் சொன்னது உண்மையாகிவிடும், அப்பா கேட்கவே இல்லை என்று ஆகிவிடும். அதற்கு நானும் உடந்தை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அப்பாவாக வந்து கேட்டால் சத்தியத்தை உடைத்துவிடுவேன். டக்கரின் மாமா பெயர், படகுத்துறை, எல்லாம் சொல்லிவிடுவேன். ஆனால் அவராக வர வேண்டும். வராவிட்டால் என்னால் முடியாது.

அண்ணன் அறைக் கதவு திறக்கிறது. காலடி. நடையில் வருகிறார். நேற்று நின்ற இடத்தில் நிற்கிறார். நிற்கிறார். போய்விடாதீங்க அப்பா, போகாதீங்க, ஒரு தடவை மட்டும் கையை

தட்டுகிறார்