ஏணியைப் பிடித்தவன்

1938 செப்டம்பர் 12

மறுபடி மழை. கூரை ஓரத்துத் தகர வாய்க்கால் நிரம்பி, தொட்டிக்குப் போக வேண்டிய தண்ணீரெல்லாம் அடுப்படிச் சன்னலுக்கு நேராகக் கொட்டுகிறது. பலா இலை அடைத்துக் கிடக்கிறது என்று பாப்பாயி சொல்கிறாள். வேலைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பின்சுவர் மண்சுவர். இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்து அறையில்தான் மிளகு மூட்டைகள். ஐப்பசி மழைக்குள் வாய்க்காலைச் சுத்தம் பண்ணாவிட்டால் சுவர் சரியும். அப்புறம் நானும் மாமியும் எங்கே போய் உட்கார்வது?

என் வீட்டுக்காரங்க மௌத்தாகி எழுபத்தொரு நாள். இத்தா இருக்கிறேன். நாலு மாசம் பத்து நாள் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அதனால் ஆள் பிடிப்பதும் பாப்பாயி வாயால்தான். குண்டனி நாட்டு மலையூர்களில் நாலு பேரைக் கேட்டாளாம். "அந்தக் கூரைக்கா?" என்று நாலு பேரும் நழுவிவிட்டார்கள்.

"உங்க தம்பி மலைக்குக் கீழ காளப்பநாயக்கன்பட்டியிலதானுங்க இருக்காரு, சொல்லி அனுப்பட்டுங்களா?" என்றாள். அவன் பேரை இந்த வீட்டில் எடுக்காதே என்று கத்தினேன். மாமி தொழுகைப் பாயில் இருந்தபடியே, "மெதுவா, புள்ள" என்றாங்க. மகனைப் பறிகொடுத்தவங்க மெதுவாகப் பேசுகிறாங்க. நான்தான் கத்துகிறேன்.

செப்டம்பர் 14

மழை. அதே இடத்தில் கொட்டுகிறது. அவங்க விழுந்த இடத்தில்.

செப்டம்பர் 19

நண்பகலிலேயே மூடுபனி இறங்கி, பலா மரம்கூடத் தெரியவில்லை. மழை இல்லை. ஆனாலும் பின்பக்கம் 'தொப்' என்று ஒரு சத்தம். சன்னலைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. மூடினேன். மறுபடி. மாமி, உங்களுக்குக் கேட்டுதா? "தேங்கின தண்ணிதான் சொட்டுது" என்றாங்க. சொட்டுகிற சத்தமா அது? ஓர் ஆள் கனத்தில் விழுகிற சத்தம்.

எழுதித் தொலைத்துவிடுகிறேன், பிறகாவது நிற்குமா பார்க்கலாம். ஜூலை மூன்று. தூறல். வாய்க்காலை எடுத்துவிடுங்க, எடுத்துவிடுங்க என்று நான் மூன்று நாளாக அரித்தேன். அவங்க மூங்கில் ஏணியைச் சார்த்தி ஏறினாங்க. வீட்டுக்குப் பின்னால் தரை சரிவு, பாசி வேறு. என் தம்பி ஜெய்லானி அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏணி சறுக்கியது. அவங்க தலை கல்லில் பட்டது. 'பீடி பற்ற வைக்கக் கையை எடுத்துட்டேன்' என்று அவனே ஜமாத்தார் முன்னால் சொன்னான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை, பாவி. ஒரு பீடிக்கு என் தாலியை அறுத்தான். இனி என் வாசலை மிதிக்காதே என்று அன்றே சொல்லிவிட்டேன்.

நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். அவ்வளவுதான் எழுத வருகிறது.

செப்டம்பர் 23

கீழிருந்து சேதி. ஜெய்லானிக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் நிக்காஹ் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். 'மச்சானையே கைவிட்டவன் எங்க மகளை எப்படி வெச்சிப் பாப்பான்' என்று பள்ளிவாசல் முற்றத்தில் பெண்ணின் அத்தா கேட்டாராம். கடைத்தெருவிலும் அவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

நல்லா வேணும் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

மாமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாங்க. 

செப்டம்பர் 27

ஆள் கிடைத்துவிட்டது! பாப்பாயியின் புருஷன் செல்லமுத்து. பாறையில் தொங்கித் தேன் எடுக்கிறவன். கட்டின புருஷனை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஆள் தேடியிருக்கிறாள்! கேட்டால், "அவரு ஏற மாட்டேன்னு சொல்லலீங்க. கயிறு புடிக்க ஆளு ஊர்ல இல்லீங்க" என்கிறாள்.

அவன் வந்து முற்றத்தில் நின்றான். நான் கதவுக்குப் பின்னால். பின்பக்கம் சரிவானதால் ஏணி ஆகாது, இடுப்பில் கயிறு கட்டிக் கூரை உச்சி வழியாக முன்பக்கம் விட்டு ஒருத்தன் பிடிக்க வேண்டும் என்றான். கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "எம் மச்சினன் ராசப்பன் பைல் நாட்டுக்குப் போயிருக்கானுங்க. அவன் வந்தாத்தான் ஏறுவேன்."

வேறு ஆளே இல்லையா என்று மாமி கேட்டாங்க.

"இருக்காங்க. ஆனாங்க, பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் கயிறு புடிக்கோணும். அண்ணன் தம்பியக்கூட நம்ப மாட்டோமுங்க. மச்சினன் விட மாட்டான். விட்டா அவன் பொறந்தவளோட பொழப்பு போயிருமில்லீங்க?"

கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். சிரிப்பா அது! விட மாட்டானாம். என் கூடப் பிறந்தவனை வந்து பாருய்யா.

அக்டோபர் 2

பின்சுவரில் விரிசல். என் சுண்டுவிரல் நுழைகிறது. ராசப்பன் இன்னும் வரவில்லை. பகலில் மூன்று தடவை சத்தம் கேட்டது. மாமியிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 6

இன்று ஏறினார்கள். 

ராசப்பன் ஒல்லியானவன், எங்கள் ஜெய்லானி வயசுதான் இருக்கும். கதவிடுக்கில் பார்த்தேன். முற்றத்து மரத்தூணில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, காலை அகட்டி உட்கார்ந்தான். தகரம் கயிற்றை அறுக்காமலிருக்கக் கூரை உச்சியில் சாக்கு மடித்துப் போட்டார்கள். செல்லமுத்து ஏறிப் பின்பக்கக் கூரைச் சரிவில் இறங்கிவிட்டான். கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிச் சரிவில் எறிகிற சத்தம். அழுகின இலை நாற்றம் வீடெல்லாம். குழாயை மூங்கில் விட்டுக் குத்தினான்.

பாப்பாயி என் பக்கத்தில் நின்றாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. என்னடி வாயில் என்று கேட்டேன்.  கையை மட்டும் ஆட்டினாள். திமிரைப் பார் என்று நினைத்தேன்.

திடீரென்று மேலே தகரம் 'படார்' என்றது. கயிறு விறைத்தது. எனக்கு உயிரே இல்லை. "ராச—" என்று வாயெடுத்தேன். பாப்பாயி ஈரக் கையால் என் வாயைப் பொத்திவிட்டாள்! என் வீட்டில், என் வாயை! தள்ளிப் பார்த்தேன், விடவில்லை. கண்ணை உருட்டி முறைக்கிறாள், வாயிலிருந்து ஒரு பொட்டு ஒழுகவில்லை. வெளியே ராசப்பன் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தான்.

செல்லமுத்து இறங்கித் தரையில் கால் வைத்தபிறகுதான் அவள் முற்றத்துக்கு ஓடி வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாள். வந்து என் காலைத் தொட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கயிறு புடிச்சிருக்கறவனை யாரும் கூப்பிடக் கூடாதுங்க. அதுலயும் கூடப் பொறந்தவ கூப்பிடவே கூடாது. அவ கூப்பிட்டா கை தன்னால எழுந்து வந்துருமுங்க. அதான் அவரு எறங்கற வரைக்கும் நான் வாயில தண்ணி வெச்சுக்குவேன்."

நான் அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 7

எழுத மாட்டேன்.

அக்டோபர் 10

தெரியாது என்று எழுதினால் அது பொய். தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்ததை எங்கேயோ போட்டு, மேலே கல்லைத் தூக்கி வைத்துவிட்டேன்.

நான் கூப்பிட்டேன்.

"ஜெய்லானி, காபி ஆறுது பார், வந்து குடிச்சிட்டுப் போடா" என்று சன்னல் வழியாகக் கூப்பிட்டேன். என் குரல் மூன்று காட்டுக்குக் கேட்கும் என்று அவங்க கேலி பண்ணுவாங்க. 'இரு, மச்சான் இறங்கட்டும்' என்றான் அவன். அதையும் கேட்டேன். கேட்டுக்கொண்டே மறுபடி கூப்பிட்டேன்— இப்ப வரியா இல்லையாடா, என்று. சின்ன வயசிலிருந்தே நான் கூப்பிட்டால் அவனுக்கு நிற்கத் தெரியாது. இரண்டே எட்டு. சன்னலுக்கு வந்து கை நீட்டினான். டம்ளர் அவன் கைக்குப் போனது. அப்புறம் அந்தச் சத்தம்.

பீடியாம். எந்தப் பீடி? அவன் குடித்து நான் பார்த்ததே இல்லையே. ஊரே கூடிக் கேட்டபோது அவன் அதைச் சொன்னான், நான் முக்காட்டுக்குள்ளே வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்ததோடு விட்டேனா? என் வாசலை மிதிக்காதே என்று அவனையே விரட்டினேனே. நான் மனுஷியா?

அக்டோபர் 14

நல்ல மழை. வாய்க்கால் சுத்தமாக ஓடுகிறது. தண்ணீரெல்லாம் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகிறது. அடுப்படிப் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. சுவர் தப்பிவிடும்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. இலையும் இல்லை, தண்ணீரும் இல்லை, இப்போது என்ன சொல்லிக்கொள்வது?

மாமியிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்னை வைத்திருப்பாங்களா? ஒரே மகன். இந்த வீடு அவங்க பேரில். அத்தாவும் அம்மாவும் போனபிறகு எனக்கு வேறு வாசலும் இல்லை. சொல்லாவிட்டால்? கீழே அவன் தலைகுனிந்து நடப்பான், அவ்வளவுதான். நான் இங்கே மாமியின் சோற்றைத் தின்றுகொண்டிருக்கலாம். சீ.

அக்டோபர் 17

சொல்லிவிட்டேன்.

மாமி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாங்க. காலடியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன். மாமி, பீடி இல்லை, நான்தான் அவனைக் கூப்பிட்டேன், இரண்டு தடவை கூப்பிட்டேன். முறம் நிற்கவில்லை. உமி பறந்து என் முக்காட்டில் ஒட்டியது. பிறகு மெதுவாகச் சொன்னாங்க, "எனக்கும் காது கேக்குமே, புள்ள."

எனக்கு விளங்கவில்லை.

"பக்கத்து அறையிலதானே கெடந்தேன். ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

"தெரிஞ்சேவா? தெரிஞ்சே ஏன் மாமி ஒண்ணும் சொல்லலை?"

"சொல்லி? நீயும் போயிட்டா நான் யாரு மூஞ்சியப் பாத்துட்டு இருக்கறது? அந்தப் பையனே தன் தலையில போட்டுக்கிட்டான். சரி, சுமக்கட்டும்னு விட்டுட்டேன். அவன் யாரு பெத்த புள்ளையோதானே." முறத்தைக் கீழே வைத்தாங்க. "அல்லா என்னையும் கேப்பான்."

இரண்டு பேரும் அழுதோம். கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. தள்ளித் தள்ளி உட்கார்ந்து அழுதோம். இத்தனை நாளும் இதைத் தெரிந்துகொண்டேதான் என் தலைக்கு எண்ணெய் வைத்தாங்களா? அந்த விரல்களை நினைத்தால் இப்போது உடம்பு சிலிர்க்கிறது. அன்பா அது, வேறு என்னவோவா, எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 20

நான் போக முடியாது என்பதால் மாமியே இன்று மலை இறங்கினாங்க. டோலி வேண்டாம் என்று, ராசப்பனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடந்தே. ஜமாத்தார் முன்னால் சொல்ல நான் ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தேன். நாலே வரி. கீழே தாஹிரா பீவி என்று முழுப் பேரும் போட்டேன்.

அக்டோபர் 23

மாமி வந்துவிட்டாங்க. கால் வீங்கியிருக்கிறது. கடுதாசியைச் சத்தமாகப் படித்தார்களாம். பெண்ணின் அத்தா எழுந்து போய் ஜெய்லானியிடம் ஸலாம் சொன்னாராம். பெருநாள் கழித்து நிக்காஹ். என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை, மாமியும் சொல்லவில்லை.

நவம்பர் 9

நேற்றோடு இத்தா முடிந்தது. இன்று குளித்து முற்றத்தில் இறங்கினேன். வெயில் அடித்தது. கண் கூசியது.

அசர் தொழுகைக்கு முன்னால் ஜெய்லானி வந்தான். எலும்பும் தோலுமாக இருக்கிறான். நோன்பு வேறு. ஏன்டா பொய் சொன்ன என்று கேட்டேன். "உன்னை அந்த ஊட்ல வெச்சிருக்கணும்லக்கா. என்னைப் பேசுனா பேசிட்டுப் போறாங்க" என்றான். என்னை மன்னிச்சிருடா என்றேன். அதெல்லாம் எதுக்கு, விடு என்று தரையைப் பார்த்தான். நிக்காஹுக்கு வருகிறேன் என்று சொன்னதும் சிரித்தான். பழைய சிரிப்பு. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று புறப்பட்டான். முற்றத்தைத் தாண்டித் தூண் பக்கம் போனபோதுதான் பார்த்தேன், மாமி கட்டிக் கொடுத்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போகிறான். "ஜெய்லானி!" என்று உள்ளிருந்தபடியே கூப்பிட்டேன்.

அவன் திரும்பவில்லை. தூணை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கை நரம்பு புடைத்திருந்தது. மறுபடி கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். நடந்துபோய்த் தோளைத் தொட்டேன். அப்புறம்தான் கையை எடுத்தான்.