ஜன்னல் உயரம்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சொகமா இருக்கேன். உங்க இருமல் கொறைஞ்சிருக்கா?

இங்க கட்டார்ல கட்டப்போற ஒரு ஆஸ்பத்திரியோட வரைபடத்தை, சுவர் வரையிறவங்களும் காத்துக்குழாய் வரையிறவங்களும் கம்ப்யூட்டர்ல தனித்தனியா வச்சிருக்காங்க. ரெண்டையும் இணைச்சு, கம்ப்யூட்டர்கிட்ட ஒண்ணாக் கேள்வி கேட்குறதுதான் என் வேலை. நேத்து, ஜன்னலும் காத்துக்குழாயும் இல்லாத அறை எதுன்னு கேட்டேன். துப்புரவு செய்றவங்க தேத்தண்ணி குடிக்கிற அறை வந்துச்சு. குழாய் இருக்கும்னு சுவர்க்காரங்களும், ஜன்னல் இருக்கும்னு குழாய்க்காரங்களும் விட்டிருக்காங்க. சொன்னதும் திருத்திட்டாங்க.

மடுல்சீமையில நமக்குக் கட்டுற புது வீட்டைப் பத்தித்தான் இங்கேருந்து அப்படிக் கேட்க முடியலம்மா. குசினிக்கு ஜன்னல் வச்சாங்களா, இல்ல இப்ப இருக்கிற லயத்து வீட்டுல மாதிரி புகை உள்ளயே நிக்குமா? தங்கச்சிகிட்ட ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

வேலைக்குப் போற பஸ் வந்துருச்சு. படத்துல நீங்களும் நில்லுங்க. ஜன்னல் உயரம் தெரியணும்ல, அதுக்குத்தான்.

உங்க மகன்
கஜேந்திரன்